தடுக்குற இடம்

இல்லடா சேவியர், மாப்பிள்ளை வாசிக்கிறதுல உணர்ச்சி இல்லன்னு நீ எப்படிச் சொல்லுவ, நீ எங்க கேட்ட, பெட்டியத் தூக்கிட்டுப் போறப்ப பாதிக் காதுல விழுந்தத வச்சுச் சொல்லிட்ட. பொண்டாட்டி செத்து ஒரு மழைக்காலம் முடியல, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது, டைப் அடிக்கிறவன் மாதிரி தடதடன்னு விரல ஓட்டிக்கிட்டு ரூமுக்குள்ள உக்காந்திருக்காரு, மாமியார் கெளம்புறாங்களேன்னு வெளிய வந்து ஒரு வார்த்தை உண்டான்னு கேட்டுட்டு, பதிலுக்குக்கூட நிக்காம லிஃப்டுல எறங்கிப் போயிட்ட. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள கிரில் கதவு சாத்திக்கிச்சு. இப்ப உனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஊரே என்னை வாயாடின்னு சொல்லும், பொன்மலை கோயில்ல பூசை முடிஞ்சு நான் வெளிய வந்தா, அமலோற்பவத்துக்கிட்ட மாட்டுனா அடுத்த பூசை வந்துரும்னு பக்கவாட்டு வாசல் வழியா ஓடுவாளுங்க, ஆனா தேவையான எடத்துல மட்டும் எனக்கு வாய் வராது. அதுலயும் இந்த சோபாவுல உக்கார வச்சுட்டுப் போயிட்ட பாரு. இது ஜெசிந்தா ஆசைப்பட்டு வாங்குனது, உக்காந்தா அப்படியே உள்ள இழுத்துக்கும், என் முட்டிக்கு யாராச்சும் கை குடுத்தாத்தான் எந்திரிக்க முடியும், அதனாலயே நான் எப்பவும் அந்த மர நாற்காலியில உக்காருவேன். அந்த நாற்காலி மேல நீ என் போர்வை மூட்டைய வச்சுட்ட. செருப்ப மாட்டி விட்டாச்சு, கைப்பை மடியில இருக்கு, வாசக்கதவு ஆன்னு தொறந்து கெடக்கு, வெளிய லிஃப்டு பக்கத்துல என் மிச்ச ரெண்டு பெட்டியும் யாரோ வேண்டாத விருந்தாளிங்க மாதிரி நிக்குதுங்க. நீ மொத லோட கார்ல வச்சுட்டு மேல வருவ, என் கையப் புடிச்சுத் தூக்குவ, அப்பறம் மெட்ராசுதான். எந்திரிச்சுப் போயி அவரு கதவ ஒரு தட்டுத் தட்டலாம்னாலும் முடியாது. பெத்த மக வாங்குன சோபா, என்னை விடுவேனாங்குது.

நீ கேட்டது வாசிப்பே இல்லடா, அதையும் உனக்குச் சொல்லணும். அது கரண்டு கிட்டாரு. ஸ்பீக்கர்ல மாட்டுனாத்தான் அதுக்குத் தொண்டை. கல்யாணமான புதுசுல கீழ் வீட்டம்மா மேல வந்து, என்னங்க வீடா மாவு மில்லான்னு கேட்டுச்சுன்னு ஜெசிந்தா ஒரு ஹெட்ஃபோன் வாங்கிக் குடுத்தா, அன்னையிலேர்ந்து பாட்டு அவரு காதுக்குள்ள மட்டும். வெளிய நமக்கு விழுறது வெறும் கம்பி, கம்பி மேல அந்த பிளாஸ்டிக் சில்லு உரசுறது, ராத்திரி பரண் மேல எலி ஓடுற மாதிரி கரகரகரன்னு. அப்ப பாத்துக்க, நான் வந்ததுலேர்ந்து இந்த வீட்டுல கிளமெண்ட் மாப்பிள்ளை வாசிச்ச பாட்டு எதையும் கேட்டதில்ல, அந்த மனுசன் கைய மட்டும்தான் கேட்டிருக்கேன். ஆனா கை போதும்டா. காய் அரியுற சத்தத்த வச்சு ஜெசிந்தா கோவமா இருந்தாளா இல்லையான்னு நான் கூடத்துலேர்ந்தே சொல்லிருவேன். மாப்பிள்ளைக்கு ஒரு மொறை உண்டு. காதுக்குள்ள டிக் டிக்னு ஒண்ணு அடிக்குமாம், அதுக்குத் தகுந்த மாதிரி முதல்ல மெதுவா வாசிப்பாரு, நடைபழகுற புள்ள மாதிரி ஒவ்வொண்ணா வச்சு, அப்பறம் டிக்கக் கொஞ்சம் கூட்டுவாரு, அப்பறம் இன்னும் கொஞ்சம். எங்கயாவது ஒரு விரல் தடுக்குச்சுன்னு வையி, அவ்வளவுதான், எவ்வளவு ஒசரத்துல இருந்தாலும் சரி, அடிமட்டத்துக்கு எறங்கி மறுபடி மொதல்லேர்ந்து. ஒரு நாள் காப்பி குடுக்கப் போனப்ப கேட்டேன், ஏன் மாப்பிள்ளை, சின்னத் தடுக்கல்தானே, அப்படியே போனா என்னன்னு. தப்பு பண்ணுன வேகத்துலயே நின்னா விரல் அந்தத் தப்பையே கத்துக்கும் அத்தைன்னாரு. இத்தன வருசத்துல அவரு என்கிட்ட பேசுன நீளமான பேச்சு அதுதான். அத நான் ஜெசிந்தாகிட்டப் போயிச் சொன்னப்ப, என்னம்மா, என்கிட்டகூட இவ்வளவு பேசுனதில்ல, நீ காப்பியில என்ன போட்டன்னா. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே அப்படித்தான். மாடியில தனியா பேசிட்டு வாங்கன்னு அனுப்புனா, கீழ வந்து சிரிக்கிறா. அம்மா, அவருக்கு வாய் வரல, பையன் கிட்டார் பையோட வந்திருக்கானேன்னு வாசிக்கச் சொன்னேன், அதுல பேசுறாரும்மா, ஆனா ரொம்ப வேகமாப் பேசுறாரு, பாதி எனக்கே புரியல. புரியலன்னா ஏன்டி சிரிக்கிறன்னேன். மீதி புரிஞ்சதேன்னா.

வேகமா இருந்தா உணர்ச்சி இருக்காதுன்னு உனக்கு யாரு சொன்னது. உங்க அப்பாவுக்கு மூத்த அக்கா சவரியம்மா, உனக்கு ஞாபகம் இருக்காது, அவங்க ஜெபமாலை சொல்லி நீ கேட்டிருக்கணும். ஆரம்பிக்கிறதும் தெரியாது, ஆமென் எங்கன்னும் தெரியாது, வார்த்தையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, உலை கொதிக்கிற மாதிரி தளதளன்னு வந்துக்கிட்டே இருக்கும். நாங்கள்லாம் முக்காட்டுக்குள்ள சிரிப்போம், மாதாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சாக்கும்னு. அப்பறம் நான் அந்த வீட்டுல ஒரு வாரம் தங்குனேன். அவங்க வீட்டுக்காரரு ஒர்க்ஷாப்லேர்ந்து குடிச்சுட்டு வருவாரு. அந்தாளோட சைக்கிள் செயின் கார்டு தெரு முனையில கடகடன்னு கேக்கும், கேட்டதும் அவங்க ஜெபமாலை இன்னும் வேகமாகும், சைக்கிள் கிட்ட வர வர வாய் பறக்கும், மணி உருளுறது கண்ணுக்கே தெரியாது. அப்பதான் எனக்குச் சிரிப்பு நின்னுச்சு. அந்த வேகத்துல எவ்வளவு பயம்டா. மெதுவாச் சொன்னா ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல எடம் விழும், அந்த எடத்துல எது வேணா வந்து உக்காந்துக்கும். அது எனக்கு எப்பப் புரிஞ்சுச்சுன்னா, ஜெசிந்தா காய்ச்சலோட ஆஸ்பத்திரியில கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்துக் கெடந்தப்ப. வெளிய பெஞ்சுல நான், பக்கத்துல மாப்பிள்ளை. மழையான மழை. நான் சொன்ன ஜெபமாலைய யாராவது பதிவு பண்ணிக் கேட்டிருந்தா சவரியம்மாவே எந்திரிச்சு வந்து, கொஞ்சம் மெதுவாச் சொல்லு தாயின்னிருப்பாங்க. கொஞ்சம் நிறுத்துனா உள்ள மெஷின் பீப்புன்னு அடிக்கிறது கேட்டுரும், அது கேக்கக்கூடாதுன்னு நான் ஓட்டுறேன், ஓட்டிக்கிட்டே எதேச்சையாத் திரும்பிப் பாக்குறேன், மாப்பிள்ளையோட இடது கை தொடை மேல ஓடுது. நாலு விரலும். கிட்டாரு இல்ல, கம்பி இல்ல, பேண்ட்டுத் துணி மேல, என் வாய் ஓடுற அதே வேகத்துல. நர்ஸ் வந்து கதவத் தொறந்தப்ப ரெண்டும் ஒண்ணா நின்னுச்சு.

அத விடு, அத நெனச்சா நான் இங்கயே செத்துருவேன், லிஃப்டு வேற மேல எங்கயோ போகுது, நீயாத்தான் இருக்கும்னு பாத்தா தாண்டிப் போயிருச்சு, மொட்டை மாடிக்கு எவளாவது வத்தல் காயப்போடப் போறா. என்ன சொல்லிட்டிருந்தேன். மெதுவா வாசிச்சா உணர்ச்சிங்கற. சரி. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ்ல டெரிக்னு ஒரு டிரைவர் இருந்தாரு, சட்டைக்காரரு, அதான் ஆங்கிலோ இந்தியரு, மடியில கிட்டாரப் படுக்கப் போட்டு இரும்புத் துண்ட வச்சு இழுப்பாரு, அய்யோ, அது இழுக்குற இழுப்புல லைன் பூரா பொம்பளைங்க அடுப்ப அணைச்சுட்டு வந்து மூக்கச் சிந்துவோம். நடுவுல மீன்காரி வருவா. டெரிக்கு கைய எடுத்துட்டு, என்னம்மா வஞ்சிரத்துக்கு இந்த வெலையான்னு ஒரு பாட்டம் சண்டை போட்டு, மீன வாங்கி உள்ள குடுத்துட்டு, விட்ட எடத்துலேர்ந்து அதே அழுகைய மறுபடி இழுப்பாரு. நாங்களும் மறுபடி அழுவோம். அழுதது பூரா நாங்கதான், அவரு நெனப்பு மீன்ல. முப்பதாம் நாள் பூசையில நீ அழுதியே சேவியர், தேம்பித் தேம்பி, மாப்பிள்ளை அன்னைக்கு மெதுவா வாசிச்சாருன்னு. ஃபாதர் முன்கூட்டியே சொல்லியனுப்பிட்டாரு, கிளமெண்ட் தம்பி, இன்னைக்கு ரயில் விட வேண்டாம்னு. அதுக்கு முன்னாடி பாடகர் குழுவுல காணிக்கைப் பாட்டுக்கு வேகமா வாசிச்சு, உண்டியல் தூக்குறவர் ஓட வேண்டியதாப் போச்சுன்னு ஒரு கேலி உண்டு. சரின்னு தலையாட்டிட்டு மெதுவா வாசிச்சாரு. கோயிலே அழுதுச்சு, நீ அழுத, உன் பொண்டாட்டி அழுதா, ஜெசிந்தாவ ஒரு தடவகூடப் பாக்காதவங்க அழுதாங்க. நான் அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தேன். வேற யாரு வீட்டுக் கொழந்தையையோ கையில குடுத்துட்டுப் போனா வச்சிருப்பாங்கள்ல, கீழ போட்டுறக்கூடாதுன்னு, அப்படி வச்சிருந்தாரு அந்தப் பாட்ட. திரும்பி வர்றப்ப கார்ல நான் எதாவது சொல்லணும்னு, நல்லா இருந்துச்சு மாப்பிள்ளைன்னேன். ஏசியக் கொறைக்கவா அத்தைன்னு கேட்டாரு. வீட்டுக்கு வந்து சட்டையக்கூட மாத்தாம ரூமுக்குள்ள போயி, கரகரகரன்னு ஆரம்பிச்சாரு பாரு, அதுதான்டா பூசை. நான் அந்த மர நாற்காலியப் போட்டு கதவு ஓரமா உக்காந்துக்கிட்டேன்.

அன்னையிலேர்ந்து அப்படித்தான் நாங்க ரெண்டு பேரும். அவரு உள்ள வாசிப்பாரு, நான் வெளிய பேசுவேன். புளி வெல, கீழ் வீட்டம்மாவுக்கு சுகர் ஏறுனது, சவரியம்மா கதை, சின்ன வயசுல நீ மாட்டுத் தொழுவத்துல விழுந்தது, எல்லாம் பேசுவேன், காதுல ஹெட்ஃபோன் இருக்கு, ஒண்ணும் விழாதுன்னு தெரியும், அதனாலயே பேசுவேன். ஜெசிந்தா பேரு மட்டும் வராது. அவரு வாயிலயும் வராது. அவ டம்ளரு அங்கயே இருக்கு, அவ நைட்டி கொடியில ரொம்ப நாள் தொங்குச்சு, யாரு எடுக்குறதுன்னு ரெண்டு பேரும் அதச் சுத்திச் சுத்தி நடந்தோம், ஒரு நாள் காத்து அடிச்சு அதுவா விழுந்துச்சு, அவரு மடிச்சு என் கட்டில்ல வச்சிருந்தாரு. அம்மாவக் கூட்டிட்டுப் போகட்டுமான்னு நீ ஃபோன்ல கேட்டப்ப, அத்தை இஷ்டம்னு சொன்னாராம், பாத்தியாம்மா போனாப் போகட்டும்னு இருக்காருன்னு நீ என்கிட்ட வந்து சொல்ற. நியாயமும் உன் பக்கம்தான் இருக்கு, நான் என்ன மறுக்கவா செய்யிறேன். பொண்ணே போனதுக்கப்பறம் மாமியாருக்கு அங்க என்ன வேலைன்னு நாலு பேரு கேப்பாங்க. பேரன் பேத்தின்னு ஒண்ணு இருந்தாலாவது அதச் சாக்கு சொல்லலாம். அவருக்கு வயசு இருக்கு, நாளைக்கு ஒருத்தி வரணும், கூடத்துல நான் குந்திக்கிட்டிருந்தா எவ வருவா. அதெல்லாம் எனக்கும் தெரியும். உன் வீட்டுலயும் கொறை இல்ல, பேரப்புள்ளைங்க இருக்கு, உன் பொண்டாட்டி ரெஜினா தங்கம், மெதுவாப் பேசுங்க அத்தை, புள்ளைங்க படிக்குதுங்கன்னுதான் சொல்லும், வேற ஒரு வார்த்தை சொல்லாது. உன் வீடு இருக்குற ஒசரத்துல ஜன்னலத் தொறந்தா காத்து மட்டும்தான் வருது. அங்க நான் பேச்ச நிறுத்தணும். நிறுத்துனா எடம் விழுமேடா. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், இந்த மனுசனுக்கு நான் பாரமா, இருந்தா நல்லதா. இருங்க அத்தைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், உலகம் என்ன வேணா பேசட்டும். சொல்ல மாட்டாரு. கூப்புடாத விருந்தாளி வந்து உக்காந்துக்கிட்ட மாதிரி நானா இருக்கவும் முடியாது, அவரு வாய்க்கு அது வராது, என் முட்டிக்கு எந்திரிக்க வராது, இருக்குறது அந்தக் கரகர மட்டும்தான். அது வெறும் விரல் பயிற்சின்னா நான் கெளம்ப வேண்டியதுதான். நீ சொல்றது சரின்னா, நான் கெளம்ப வேண்டியதுதான்டா சேவியர்.

தடுக்குது. இப்பத்தான் கவனிக்கிறேன், காலையிலேர்ந்து தடுக்குது. ஏறிக்கிட்டே போகுது, போகுது, டப்புன்னு ஒரு எடத்துல விரல் மாட்டிக்குது. கஷ்டமான எடமா இருக்கும், எல்லாப் பாட்டுலயும் ஒரு கழுத்தறுப்பு எடம் இருக்கும்பா ஜெசிந்தா. ஆனா தடுக்குனா எறங்கணுமே. மொதல்லேர்ந்து, நடைபழகுற புள்ள மாதிரி. எறங்கலயே. தடுக்குன எடத்துலேர்ந்து அப்படியே இன்னும் வேகமா ஓடுது, கால் இடறுனவன் விழாம இருக்க முன்னால ஓடுற மாதிரி. விரல் தப்பக் கத்துக்குமேய்யா, நீங்கதானே சொன்னீங்க. மறுபடியும் தடுக்குது. இது வேற எடம், ஒரே எடத்துல தடுக்கல, அப்பறம் எதுக்குத் தடுக்குது. அந்த டிக் டிக் ஏன் இன்னும் வேகமாப் போகுது. டிக்கு. எனக்கு எப்படி டிக்கு கேக்குது. அது அவரு காதுக்குள்ளல்ல அடிக்கணும், இத்தன வருசத்துல நான் கதவுல சாஞ்சு உக்காந்துகூட அத ஒரு தடவ கேட்டதில்லயே. இப்ப கேக்குது, சன்னமா, கொசு மாதிரி, டிக் டிக்னு, அதோட கூட ஒரு பாட்டும் கேக்குது, கம்பி இல்ல, பாட்டு, தகர டப்பாவுக்குள்ள யாரோ அழுற மாதிரி சின்னதா. ஹெட்ஃபோன் காதுல இல்ல. கழட்டி கழுத்துல போட்டிருக்கணும். தான் வாசிக்கிறதத் தானே கேக்காம எதக் கேக்குறாரு அந்த மனுசன். வீடு பூரா சத்தம் இல்ல, நான்கூட வாய மூடிக்கிட்டு இருக்கேன். வெளிய மொட்டை மாடிக்காரி எறங்குறா போல, லிஃப்டு கயிறு முனகுது, நம்ம மாடிகிட்ட வரவும் கட்டக்குன்னு ஒரு சத்தம், உள்ள விரல் தடுக்குது. லிஃப்டு தாண்டிக் கீழ போகுது. மறுபடி ஓடுது. இரு, இரு, பதறாத. காலையில நீ வந்து எறங்குனப்ப தடுக்குச்சு. பெட்டியத் தூக்கிக்கிட்டு நீ கிரில்லச் சாத்துனப்ப தடுக்குச்சு. நான் கைப்பை ஜிப்ப மெதுவா இழுத்துப் பாக்குறேன், சர்ருன்னு. உள்ள நிக்குது. ஒரு மூச்சு. அவரு நான் எந்திரிச்சுட்டேன்னு நெனக்கிறாரு. நான் ஜிப்பப் புடிச்ச கைய அப்படியே வச்சுக்கிட்டு அசையாம இருக்கேன், அப்பறம் ஓடுது பாரு, அய்யோ, அந்தப் பெஞ்சு மேல ஓடுன ஓட்டம், துணி மேல ஓடுன அதே நாலு விரல், நான் சவரியம்மாவாட்டம் பறந்தேனே அதே பறப்பு. சைக்கிள் கிட்ட வருதுய்யா உங்களுக்கு. எனக்குத் தெரியுது. இருங்க அத்தைன்னு சொல்ல வராது உங்களுக்கு, கதவத் தொறக்கவும் வராது, நான் கெளம்பிப் போனதுக்கப்பறம்தான் நீங்க அந்த ரூம விட்டு வருவீங்க, வந்து கூடத்துல யாரும் பேசாம இருக்குறதக் கேப்பீங்க. வர்றவ வரட்டும், வர்றப்ப அவளுக்குக் கதவத் தொறந்துவிட்டு ஒரு வாய் காப்பி குடுக்கவும் ஆள் வேணும்ல, அத அப்பப் பாத்துக்கலாம். லிஃப்டு வருது. இந்தத் தடவ நம்ம மாடிதான், நிக்குது, கிரில்ல இழுக்குறது உன் கைதான், நீதான் அப்படி முரட்டுத்தனமா இழுப்ப. உள்ள சத்தமே இல்ல. தடுக்கல, நின்னே போச்சு. டிக்கு மட்டும் தனியா அடிச்சுக்கிட்டிருக்கு. உன் செருப்புச் சத்தம் வருது, என்னம்மா ரெடியான்னு கேட்டுக்கிட்டே ஒரு பெட்டியோட கைப்புடியப் புடிக்கிற. மெதுவா, நிதானமா, நாலு பேரு மதிக்கிற மாதிரி சொல்லணும்னுதான் வாயெடுத்தேன்.

"சேவியரு அந்தப் பெட்டியக் கீழ கொண்டு போகாத ரெண்டையும் உள்ள கொண்டாந்து என் ரூம்ல வையிடா, அப்படியே கார்ல வச்சதையும் எடுத்துட்டு வா."